முதுசொமும் தேடிய தேட்டமும்

எமது கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென்று பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, எதனைப் பற்றி எழுதுவதென்று யாம் சிலநாள் மயங்கினோம். விழா மலர்களிலே பழைய மாணவர் எழுதுவன பெரும்பாலும் பழைய நினைவுகளே. விடுதிச் சாப்பாடும், மாலைநேரப் பந்தாட்டமும், தலைமையாசிரியரின் பிரம்பும் ஒவ்வொரு மலரிலும் தவறாது வந்து போகின்றன. அவற்றை யாம் இகழ்கின்றோமல்லோம். ஆனால், நினைவு கூர்தல் ஒன்றே முதியோர்க்குரிய தொழில் என்னும் எண்ணம் எம்முள்ளே வேரூன்றிவிட்டதோ என்னும் ஐயம் சில காலமாக எம்மை வருத்துகின்றது. அவ்வையத்தையே இக்கட்டுரைக்குப் பொருளாகக் கொண்டோம்.

கல்லூரியில் மேல் வகுப்பிலே பயின்ற காலத்தில் எமக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசான், தெனிசன் என்னும் புலவர் யூலிசிஸ் மீது பாடிய எழுபதடிச் செய்யுளை ஒரு கிழமை முழுவதும் விரித்துரைத்தார். திரோய் நகரத்திலே பத்தாண்டு போர் செய்து, மேலும் பத்தாண்டு கடலிலே அலைந்து, தன் தீவிற் சேர்ந்த மன்னன் யூலிசிஸ். மனைவியுண்டு, மைந்தனுண்டு, அரசுண்டு. ஆயினும், அடுப்பங்கரையோரம் அமர்ந்து குடிகளின் வழக்கைத் தீர்த்துக்கொண்டிருப்பதற்கு அவன் உள்ளம் ஒருப்படவில்லை. நரைத்த தோழரைக் கூட்டி, அரசை மைந்தன் கையில் ஒப்புவித்து, ஞாயிறு மறையும் திசை நோக்கி மீண்டும் கலமேறுகின்றான். இதுவே அச்செய்யுளின் பொருள். எமக்கு அப்போது வயது பதினாறு. கடல் விளங்கிற்று; கலம் விளங்கிற்று; முதுமை விளங்கவில்லை. இன்று எழுபதை நெருங்கும் காலத்திலே, அடம்பனில் எமது வீட்டுத் திண்ணையிலிருந்து அச்செய்யுளை மீண்டும் படித்தோம். முதுமை விளங்கிற்று. ஆனால், அன்று ஐயமின்றிப் போற்றிய அம்மன்னனைப் பற்றி இன்று சில வினாக்கள் எழுகின்றன.

முதலில், இச்செய்யுளைப் பாடியவர் முதியவரல்லர். 1809-ஆம் ஆண்டிற் பிறந்த தெனிசன் இதனை எழுதியது 1833-இல். வயது இருபத்துநான்கு. ஆர்தர் ஹாலம் என்னும் ஆருயிர் நண்பர் வியன்னா நகரிலே திடீரென இறந்த செய்தி வந்த சில நாளிலே, வாழ்வைத் தொடர்ந்து நடத்தவேண்டும் என்னும் துணிவைத் தேடித் தம் துயரை ஒரு கிழவனின் வாயில் வைத்துப் பாடினார். செய்யுள் அச்சில் வந்தது 1842-இல். பின்னர் 1889-ஆம் ஆண்டிலே, எண்பது வயதினராய், ஒரு சிறு நீரிணையைக் கடந்து செல்லும்போது அவர் வேறொரு கடற்பாட்டுப் பாடினார். தம் பாடற் றொகுதிகள் எவற்றிலும் அதனையே இறுதியில் வைக்கவேண்டுமென்று மைந்தரிடம் சொல்லியும் வைத்தார். அதிலே ஆரவாரமில்லை, அலையடங்கிய நீரும், வழிகாட்டும் மாலுமியைக் காணும் விருப்பமுமே உள்ளன. இளைஞர் கற்பனை செய்த முதுமை வேறு, முதியவர் உணர்ந்த முதுமை வேறு என்பதற்கு இவ்விரண்டு பாடல்களினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

யூலிசிஸ் கதையை முதலிற் பாடிய ஓமர், அவன் முதுமையைப் பற்றி ஒரு வியப்பான செய்தி கூறுகின்றார். வீடு சேர்ந்த பின்னும் அவன் இன்னுமொரு பயணம் செல்லவேண்டுமாம். தோளிலே ஒரு துடுப்பைச் சுமந்து, கடலையே அறியாத மாந்தர் வாழும் உள்நாட்டை நோக்கி நடக்கவேண்டும். எதிர்ப்படும் வழிப்போக்கன் ஒருவன் அத்துடுப்பை நெல் தூற்றும் கருவியென்று எண்ணி வினவுவானாயின், அவ்விடத்திலே அதனை நட்டுக் கடற்றெய்வத்துக்குப் பலியிட்டு வீடு திரும்பலாம் என்பது குறிகாரனின் வாக்கு. எம் அடம்பனில் இருந்து இதனைப் படிக்கும்போது நகை தோன்றுகின்றது. கட்டுக்கரைக் குளத்து நீரால் விளையும் வயல்கள் ஒரு புறம். சில கல் தொலைவிலே மாந்தைக் கடல் மறு புறம். சூடு மிதிப்பவனும் வலை இழுப்பவனும் ஒரே சந்தையிற் சந்திக்கும் ஊர் இது. துடுப்பைச் சுளகென்று மயங்குவார் இங்கே ஒருவருமிலர். ஆகையால் யூலிசிஸ் எம்மூர் வழியாக வந்திருப்பானாயின், துடுப்பை இறக்கி வைக்க இடமின்றி நடந்துகொண்டேயிருந்திருப்பான்! விளையாட்டாகச் சொன்னோமாயினும் இதிலே ஓர் உண்மையுண்டு. கடல் கண்ணுக்கு எட்டும் ஊரிலே பிறந்தவர்க்குப் புறப்படும் ஆசை எளிதில் தணிவதில்லை.

இத்தாலியப் பெரும்புலவர் தாந்தேயோ அவ்வாசையை மன்னிக்கவில்லை. அவர் பாடிய யூலிசிஸ் வீடு சேரவேயில்லை. மைந்தன்மீது கொண்ட அன்பும், முதிய தந்தைக்குச் செய்யவேண்டிய கடனும், மனைவியின் காதலும் அவனைத் தடுக்கவில்லை. முதுமையால் தளர்ந்த தோழரை இனிய சொல்லால் மயக்கி, மாந்தர் கடத்தலாகாதென்று விதித்த எல்லையைக் கடந்து, தொலைவிலே ஒரு மலை தோன்றும் வேளையில் கலத்தோடு மூழ்கி இறக்கின்றான். தாந்தே அவனைக் காண்பது நரகத்துத் தீயிலே.

ஆக, ஓரிடத்திலே போற்றப்படும் முதிய வீரன் மற்றோரிடத்திலே தண்டிக்கப்படுகின்றான். இவ்விருவருள் யார் பக்கம் நாம் நிற்பது? எம் ஆசானும் அன்று வகுப்பிலே ஒரு வினாவை எழுப்பினார். இருபதாண்டு காத்திருந்த பெனலோப்பி என்னும் அம்மனைவியைப் பற்றித் தெனிசனின் மன்னன் எத்தனை சொற்கள் சொல்லுகின்றான், எண்ணிப் பாருங்கள் என்றார். எண்ணினோம். வயது முதிர்ந்தவள் என்னும் ஒரு குறிப்பன்றி வேறொன்றுமில்லை. வகுப்பு சிரித்தது. ஆசான் சிரிக்கவில்லை.

எமது வடபுலத்துத் தேசவழமைச் சட்டத்தை அறிந்தார்க்கு இவ்வினாவின் ஆழம் எளிதிற் புலப்படும். ஒல்லாந்தர் காலத்திலே, 1707-ஆம் ஆண்டளவில் எழுத்திலே தொகுக்கப்பட்ட அவ்வழமை, ஒரு குடும்பத்தின் பொருளை மூவகையாகப் பிரிக்கின்றது. முன்னோர் வழி வந்தது முதுசொம். பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம். இல்லறக் காலத்திலே ஈட்டியது தேடிய தேட்டம். இத்தேட்டத்தைக் கணவன் கடல் கடந்து ஈட்டினானாயினும், வீட்டிலே விளக்கேற்றி இருந்த மனைவிக்கும் அதிலே பங்குண்டு. எவ்வளவு நுட்பமான நீதி! புறப்பட்டவன் தேடியது, இருந்தவர்க்கும் உரியது. இந்த அளவுகோலை யூலிசிசின் கையிலே கொடுத்துப் பாருங்கள். அவன் கண்ட நகரங்கள் பல, அறிந்த மாந்தர் பலர். அவ்வறிவிலே பெனலோப்பிக்குக் கிடைத்த பங்கு யாது? அவன் குடிகளுக்குக் கிடைத்தது யாது? ஒன்றுமில்லை. ஓயாத உள்ளத்தை யாம் குறை கூறவில்லை. தேடியதைப் பங்கிடாத உள்ளத்தையே குறை கூறுகின்றோம்.

நம் தமிழ் மரபிலும் இத்தகைய முதியவர் ஒருவர் உளர். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெருமான் பாடிய பெரியபுராணத்திலே, திருநாவுக்கரசர் முதுமையிற் கயிலை நோக்கிச் செல்லும் பகுதியைப் படியாத சைவப் பிள்ளை எம் கல்லூரியிலே இருந்திருக்க முடியாது. நடந்து நடந்து பாதம் தேய்ந்தது, கையால் ஊன்றிச் சென்றார், கையும் தேய்ந்தது, மார்பினால் ஊர்ந்தார், அதுவும் சிதைந்தது, பின்னர்ப் புரண்டார். முனிவர் உருவிலே வந்த இறைவன், மானிடர்க்கு இது அரிது, மீள்க என்று கூறியபோதும், மாளும் இவ்வுடல்கொண்டு மீளேன் என்னும் துணிவே அவர்பால் நின்றது. இவ்விடம்வரை அவரும் யூலிசிசும் ஒரே வழியிலே செல்வதுபோலத் தோன்றும். அடுத்த நிகழ்ச்சியிலேதான் இருவரும் பிரிகின்றனர். பொய்கையொன்றிலே மூழ்கும்படி பணிக்கப்பட்ட அரசர், எழுந்தது கயிலையிலன்று. தம் சோழ நாட்டுத் திருவையாற்றிலே. ஆங்கே ஆண் பெண் இணைகளாய்த் திரியும் விலங்கினையும் பறவையினையும் சிவமும் சத்தியுமாகக் கண்டார். கண்டதைப் பதிகமாகப் பாடி நமக்கு வைத்துச் சென்றார்.

தேடியது வடகோடியில், கிடைத்தது வீட்டு வாயிலில். அங்ஙனமாயின் பயணம் வீணோ எனின், அன்று. அத்தனை தொலைவு தேய்ந்திராத கண்ணுக்கு அக்காட்சி புலப்பட்டிராது. பயணம் பொருளைத் தருவதில்லை. பொருளைக் காணும் கண்ணைத் தருகின்றது. அக்கண்ணோடு ஊர் திரும்பி, ஊரார்க்குப் பாட்டாகக் கொடுப்பவனே முழுமையான தேடலாளன். எம் அயலிலுள்ள திருக்கேதீச்சரத்துக்குச் சம்பந்தரும் சுந்தரரும் இராமேச்சுரக் கரையிலிருந்தே பதிகம் பாடினர் என்று சேக்கிழார் கூறுவதையும் ஈண்டு நினைதல் தகும். கடலைக் கடப்பது ஒரு வகை. கடலுக்கு அப்பாலுள்ளதைப் பாட்டாலே கரைக்குக் கொண்டுவருவது மற்றொரு வகை.

எமது கரையோரத்தையே எடுத்துக்கொள்வோம். 1679-ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே, கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபதாண்டு சிறையிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி, தோழர் ஒருவரோடு அருவியாற்றைப் பின்பற்றிக் காடு கடந்து வந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல், அக்கால இலங்கையின் உழவு, உணவு, வழக்கம் முதலியவற்றுக்கு இன்றும் சான்றாக நிற்கின்றது. நூல் அச்சான பின்னும் அவர் ஓயவில்லை. மீண்டும் கடலோடினார். முதுமையிலே தம் நூலின் தாள்களுக்கிடையே வெற்றுத் தாள்களைச் சேர்த்துக் கட்டுவித்து, நினைவிற்கு வந்தவற்றை மேலும் மேலும் எழுதிக்கொண்டிருந்தார். 1720-இல் இறந்தார். இருபதாண்டு இழந்த மனிதர், இழந்த ஆண்டுகளையே உலகுக்கு ஈட்டிய பொருளாக மாற்றினார். அரிப்புக் கரையைக் கடந்து செல்வோர் இதனைச் சிந்திப்பாராக.

எனினும், ஓயாத முதுமைக்கு எம் உள்ளத்திலே முதலிடம் பெறுவோர் கடலோடிகளல்லர், ஏடு தேடியோரே. சிறுப்பிட்டியிலே 1832-இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் வட்டுக்கோட்டைச் செமினரியிலே கற்று, 1857-இலே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராயினார். அரசாங்கச் சேவையில் உயர்பதவி வகித்து 1882-இல் ஓய்வுபெற்றார். அக்காலத்து வழக்கப்படி ஊருக்குத் திரும்பி, வளவைச் சுற்றி வேலியடைத்து, பேரப்பிள்ளைகளோடு காலங்கழித்திருக்கலாம். அவரோ ஓய்வூதியத்தைப் பயணச்சீட்டாகக் கருதியவர் போலும்! வீரசோழியத்தை 1881-இல் வெளியிட்டிருந்த அவர், ஓய்வின்பின் 1885-இலே தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887-இலே கலித்தொகையையும், 1889-இலே சூளாமணியையும் வெளிப்படுத்தினார். எட்டுத்தொகையுள் முதன்முதல் அச்சேறியது அக்கலித்தொகையே. தொட்ட இடமெல்லாம் உதிரும் ஏடுகளின் நிலையை அவர் பதிப்புரையிலே எழுதியிருப்பதைப் படிப்போர், கடற்புயலிலே சிக்கிய மாலுமியின் குரலைக் கேட்பர். நாம் மறந்திருந்த முதுசொத்தை அவர் தேடிய தேட்டமாக்கி எமக்குத் திருப்பித் தந்தார். முன்னோர் சொத்தாயினும், தேடாதவனுக்கு அது சொத்தன்று என்பதே அவர் வாழ்வின் பாடம்.

அவர் வழியிலே நெடுந்தொலைவு சென்றவர் உ. வே. சாமிநாதையர். 1887-இலே சீவகசிந்தாமணி, 1889-இலே பத்துப்பாட்டு, 1892-இலே சிலப்பதிகாரம், 1894-இலே புறநானூறு, 1898-இலே மணிமேகலை என அவர் கொணர்ந்த நூல்களின் வரிசையை மாணவர் அனைவரும் அறிவர். மாணவர் அறியாதது, அல்லது அறிந்தும் எண்ணிப் பாராதது, அவர் குறுந்தொகையை வெளியிட்டபோது அவர்க்கு வயது எண்பத்திரண்டு என்பதேயாம். 1937-ஆம் ஆண்டு அது. அதன்பின்னும் 1940-இலே ஆனந்த விகடனில் தம் சரித்திரத்தை எழுதத் தொடங்கினார். உலகப் போரினால் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்துக்கு இடம்பெயர்ந்து, 1942-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஆங்கே காலமானார். சரித்திரம் முற்றுப்பெறவில்லை. எழுத்து நின்றது மரணத்தினாலேயன்றி முதுமையினாலன்று. இடப்பெயர்வு என்னும் சொல்லின் பொருளை உடம்பால் அறிந்த எம் பகுதியார்க்கு, எண்பத்தேழு வயதிலே போருக்கு அஞ்சி ஊர் மாறிய அம்முதியவர் அயலாராகத் தோன்றார்.

கிழக்கிலங்கைக் காரைதீவு ஈன்ற விபுலாநந்த அடிகளையும் இவ்வரிசையிற் சேர்த்தல் வேண்டும். ஆண்டுக்கணக்கிலே அவர் முதியவரல்லர். நோயோ அவர்க்கு முதுமையை முன்கொணர்ந்தது. சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையிலே பெயர் மட்டும் எஞ்சிய யாழின் வடிவையும் இசையையும் கணக்கினாலே மீட்டெடுக்க முயன்று, பல்லாண்டு உழைத்து, 1947-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ் நூலை அரங்கேற்றினார். அடுத்த ஜூலை மாதம் 19-ஆம் நாள் அவர் பூதவுடல் நீங்கிற்று. கரையைக் கண்டபின் கலம் கவிழ்ந்தது எனலாம். தாந்தேயின் யூலிசிஸ் மலையைக் கண்ட அளவிலே மூழ்கினான். அடிகளோ கண்ட மலையை எமக்கு வரைந்து கொடுத்துவிட்டே சென்றார்.

இப்பெரியோரைக் கூறியது எம்மை அவர்களோடு ஒப்பிடுவதற்கன்று. முதுமையைப் பற்றி எம்மிடையே வழங்கும் ஒரு தவறான கொள்கையைக் களைவதற்கே. அக்கொள்கை யாது? உழைத்தாயிற்று, இனி இருந்தால் போதும் என்பது. எம் பழைய மாணவர் பலர் இன்று இரு வகையினர். ஒரு சாரார் பிறந்த ஊரிலே, ஓய்வூதியமும் மருந்துச் சிட்டையுமாக இருக்கின்றனர். மற்றொரு சாரார் பிள்ளைகளோடு தொறொன்ரோவிலும் இலண்டனிலும் குளிரிலே அடைபட்டு இருக்கின்றனர். முழங்கால் வலிக்கும்போது தேடலாவது, பயணமாவது என்று அவர்கள் கேட்பார்களாயின், அக்கேள்வியிலே நியாயமுண்டு. எமக்கும் முழங்கால் வலிக்கின்றது. முதியோர் எல்லாரும் கட்டாயம் உழைத்தே தீரவேண்டுமென்று யாம் விதிக்கவும் வரவில்லை. ஓய்வு உழைத்தவனின் உரிமை. ஆனால், ஓய்வு என்பது வேறு, ஒதுங்குதல் என்பது வேறு. தெனிசனின் மன்னன் ஒதுங்க மறுத்தானே, அது சரி. எங்கே செல்வது என்று தேர்ந்தானே, அதுதான் பிழை. ஞாயிறு மறையும் திசைக்கு அவன் செல்லவேண்டியதில்லை. தன் தீவிலேயே தேடப்படாதது எவ்வளவோ இருந்திருக்கும்.

எமது மாதோட்டப் பகுதியிலே தேடப்படாதது எவ்வளவு என்பதை எண்ணிப் பாருங்கள். மன்னார் மாவட்டத்திலே நாட்டுக்கூத்து மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று தனித்தனி மெட்டுகளோடு வளர்ந்தது. கத்தோலிக்கத் தமிழர் வாசாப்பு என்னும் நாடக வகையைப் பேணினர். வலை இழுப்போர் அம்பா பாடினர். அருவி வெட்டுவோர் வயலிலே பாடினர். இழவு வீட்டிலே பெண்கள் ஒப்பாரி சொன்னார்கள். இவற்றுட் சிலவற்றைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1960-களிலே நூலாக்கினார். மன்னாரில் வழங்கிய என்றிக் எம்பரதோர் நாடகம் 1964-இலே அச்சேறியது அவர் முயற்சியாலேயே. அச்சேறாதவை கொப்பிகளிலும், அண்ணாவிமாரின் நெஞ்சிலும் கிடந்தன. 1981-ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடும் ஓலைச் சுவடிகளோடும் எரியுண்டபோது, ஒரே இடத்திலே வைத்த செல்வம் ஒரே இரவிலே அழியும் என்று கண்டோம். 2008-ஆம் ஆண்டிலே போர் அடம்பனைக் கடந்து சென்றபோது, வீட்டிலே தனித்தனியே வைத்த செல்வமும் அவ்வாறே அழியும் என்று கண்டோம். ஓடியவர்கள் பிள்ளைகளைத் தூக்கினார்கள். அடையாள அட்டையையும் உறுதிகளையும் எடுத்தார்கள். கூத்துக் கொப்பியை எத்தனை பேர் எடுத்தார்கள்?

எடுக்க முயன்ற ஒருவரை யாம் அறிவோம். எம் அயற் கிராமத்து முதியவர், உழவர், இளமையிலே கூத்தில் இராசா வேடம் தாங்கியவர். அவர் தந்தையார் கைப்பட எழுதிய கூத்துக் கொப்பி இடப்பெயர்விலே எங்கோ தவறிப்போயிற்று. ஊர் திரும்பிய பின், எண்பதைக் கடந்த அம்முதியவர், தம்மோடு ஆடியவர்களுள் உயிரோடிருப்பவர்களைத் தேடத் தொடங்கினார். ஒருவர் மடு வீதியில், ஒருவர் முருங்கனில், ஒருவர் வவுனியாவிலே மகள் வீட்டில். பேருந்திலே ஏறிச் செல்வார். அவர்களுக்கு நினைவிருக்கும் பாடல்களைக் கேட்பார். எழுத அறிந்த பேரன் ஒருவன் கூடவே சென்று எழுதிக்கொள்வான். மந்திரி பாட்டு ஒருவரிடம் கிடைக்கும். கட்டியகாரன் வரவு வேறொருவரிடம் கிடைக்கும். இராணியின் புலம்பல் எவரிடமும் கிடைக்காது. ஒருநாள் எம் திண்ணைக்கு வந்தார். “ஐயா, இந்த வயதிலே இவ்வளவு அலைச்சல் ஏன்?” என்று கேட்டோம். “தம்பி, கொப்பி போனது போகட்டும். எங்கட தொண்டைக்குள்ளே கிடக்கிறதும் எங்களோட போனால், பிறகு ஆரிட்டைக் கேட்கிறது?” என்றார்.

அவர் தெனிசனைப் படித்தவரல்லர். ஆயினும் அவர் புறப்பட்ட கலம் அம்மன்னனின் கலத்தினும் உயர்ந்தது. ஏனெனில் அவர் தேடியது தமக்கன்று. இராணியின் புலம்பலை இறுதியில் ஒரு கிழவியிடம் கண்டெடுத்தார் என்று பின்னர் அறிந்தோம். மேடையேறாத அம்மூதாட்டி, திரைக்குப் பின்னாலிருந்து ஒவ்வோர் ஆண்டும் கேட்டுக் கேட்டே மனனம் செய்திருந்தாராம். வீட்டிலிருந்த பெனலோப்பியிடமே தேட்டத்தின் பாதி இருந்தது!

ஆகவே பழைய மாணவர் சங்கத்தார்க்கு எமது வேண்டுகோள் இது. விழாவை ஒட்டி மண்டபமும் கட்டலாம், விளையாட்டிடமும் திருத்தலாம், அவை வேண்டியவையே. அவற்றோடு, செலவு குறைந்த மற்றொரு பணியையும் மேற்கொள்ளல் வேண்டும். நம்முள்ளே ஓய்வுபெற்றோர் ஒவ்வொருவரும், தத்தம் ஊரிலே பாட்டும் கதையும் கூத்தும் அறிந்த ஒரு முதியவரை நாடிச் செல்லட்டும். இன்று குழந்தைகள் கையிலுள்ள கைப்பேசியே குரலைப் பதிந்துகொள்ளும். பதிந்ததைக் கல்லூரி மாணவர் எழுத்தாக்கட்டும். பாடியவர் இன்ன ஊரினர், இன்ன நாளிலே பாடினார் என்று குறிக்கட்டும். எழுதியதைப் பாடியவரிடமே படித்துக்காட்டித் திருத்திக்கொள்ளட்டும். படியொன்று கல்லூரி நூலகத்திலும், ஒன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்திலும், ஒன்று 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவிலே சேமித்துவரும் நூலகம் என்னும் நிறுவனத்திடமும் சேரட்டும். ஓரிடத்தில் எரிந்தால் மற்றோரிடத்தில் எஞ்சும். புலம்பெயர்ந்த நண்பர்களும் இதிலே பங்குகொள்ளலாம். அவர்களோடு அங்கே வாழும் தாய்மாரும் பாட்டிமாரும் பாடமாட்டார்களா? குளிர்காலத்து நெடும்பொழுதிலே கேட்டால், மறந்தேன் என்று சொல்லிச் சொல்லியே ஒரு முழுத் தாலாட்டைப் பாடி முடிப்பார்கள்.

இதிலே காலத்தாழ்வு ஆகாது. கட்டடம் அடுத்த ஆண்டிலும் கட்டலாம். எண்பது வயதினரின் பாட்டை அடுத்த ஆண்டிலே பதிவதென்று எவரும் உறுதி கூறமுடியாது. தாமோதரம்பிள்ளையவர்கள் ஏடு தேடியபோது செல்லுக்கும் அவர்க்கும் நிகழ்ந்த போட்டி, இன்று காலனுக்கும் எமக்கும் நிகழ்கின்றது.

எம்மூர்ப் பெயரை வைத்தே முடிக்கின்றோம். அடம்பன் என்பது கடற்கரை மணலிலே படரும் ஒரு கொடியின் பெயர். தனித்த கொடி காற்றுக்கும் ஆடு மாட்டுக்கும் ஆற்றாது. பல கொடிகள் பின்னிக்கொண்டால், அலையும் காற்றும் அள்ளிச்செல்லும் மணலையே பிடித்து நிறுத்தும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது எம் முன்னோர் மொழி. ஒரு முதியவர் பேருந்தேறிச் சென்றால் ஒரு கூத்து மீளும். நூறு முதியவர் எழுந்தால் ஒரு நாட்டின் மணல் நிலைக்கும். அடுத்த விழா மலரிலே எம் பழைய மாணவர் எழுதப்போவது விடுதிச் சாப்பாட்டைப் பற்றி மட்டுமன்று, தாம் தேடிக் கண்ட தேட்டத்தைப் பற்றியும் இருத்தல் வேண்டும். அதிலே நம் பிள்ளைகளுக்கும் பங்கிருத்தல் வேண்டும்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க!